12.7 காட்டிய பேட்டரி

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம், வெள்ளிக்கிழமை. மதுரையிலிருந்து ரயிலில் வரும் அத்தையை அழைத்துவர எழும்பூர் போகவேண்டும். விடிகாலை 4.45. நங்கநல்லூரில் அந்த நேரத்துக்குத் தெருவில் நாய்கள் மட்டும்தான், அரை மணியில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால், 'டக்டக்டக்டக்' என்று மரங்கொத்தி மாதிரி ஒரு சத்தம். டாஷ்போர்டு விளக்குகளும் அந்தத் தாளத்துக்குக் கூடவே மினுக்கின. செல்ஃப் எடுக்கவில்லை.

அந்தச் சத்தத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரே ஒரு 'டக்'கோடு நின்றுவிட்டால் செல்ஃப் மோட்டார் பக்கமும் சந்தேகப்படலாம். படபடவென்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் மோட்டாருக்குப் போதுமான மின்சாரம் போகவில்லை என்று அர்த்தம். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டாரின் காந்தச் சுவிட்ச் உள்ளே இழுக்கும். மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சியதும் வோல்ட் தொபுக்கென்று விழும், சுவிட்ச் விட்டுவிடும். விட்டதும் வோல்ட் மறுபடி ஏறும், மறுபடி இழுக்கும். இந்த இழுபறிதான் அந்த மரங்கொத்தி.

வாட்ச்மேன் தாத்தாவும் பால் பாக்கெட் போட வந்த தம்பியும் தள்ளினார்கள். சாவி ஆனில், இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி கொஞ்சம் வேகம் வந்ததும் சட்டென்று விட்டேன். ஒரு குலுக்கல், எடுத்துக்கொண்டது. பழைய கார்புரேட்டர் வண்டிகளை எந்த நிலையிலும் தள்ளி எடுத்துவிடலாம் என்பார் அப்பா. இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது கரண்ட் மிச்சம் இருந்தால்தான் அது நடக்கும். அன்றைக்கு மிச்சம் இருந்தது. ஆட்டோமேட்டிக் கியர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது.

எழும்பூரில் எஞ்சினை அணைக்கப் பயந்து, ஓடவிட்டபடியே நிறுத்தி, பார்க்கிங் ஆளிடம் திட்டு வாங்கி, அத்தையை வீட்டில் சேர்த்தேன். "பழைய வண்டியை வெச்சுக்கிட்டு ஏம்பா கஷ்டப்படுறே" என்றார் அத்தை. வண்டி 2015 மாடல், பெட்ரோல். அவ்வளவு ஒன்றும் பழசில்லை.

பத்து மணிக்கு வழக்கமான கராஜுக்குப் போனேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, பேட்டரி மேலே இருக்கும் சின்னக் கண்ணாடி வட்டத்தைப் பார்த்தார். பச்சை. "பேட்டரி நல்லாத்தான் சார் இருக்கு, பச்சை காட்டுது. டைனமோ போயிருக்கும். 7,500 ஆகும், நாளைக்கு விடுங்க." டைனமோ என்றால் எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி. மீட்டர் எதையும் அவர் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. மறுநாள் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பச்சைக் கண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு, ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆறும் சேர்ந்தால்தான் 12.6. அந்தக் கண் ஒரே ஓர் அறையில்தான் மிதக்கிறது. அந்த அறையின் ஆசிட் அடர்த்தி சரியாக இருந்தால் பச்சை காட்டும். மற்ற ஐந்து அறைகளின் கதி அதற்குத் தெரியாது. தகடுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, செல்ஃப் கேட்கும் நூற்றுச் சொச்சம் ஆம்பியரை ஒரே மூச்சில் தர முடியுமா என்பதெல்லாம் அந்தக் கண்ணுக்கு எட்டாத சங்கதிகள்.

சனிக்கிழமை நங்கநல்லூர் சாலை ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மஞ்சள் நிற மல்ட்டிமீட்டர், 250 ரூபாய். கடைக்காரர், "சார், நல்லது 900க்கு இருக்கு, பாக்குறீங்களா" என்றார். வேண்டாம் என்றேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அன்று மாலை ஆஞ்சநேயர் கோயிலுக்கும், அங்கிருந்து ஒரு வேலையாக மடிப்பாக்கத்துக்கும் போய்வந்தோம். வண்டி முனகிக்கொண்டேதான் எடுத்தது. வீட்டுக்கு வந்ததும் ஆவல் தாங்காமல் பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்தேன். 12.74. முழு சார்ஜ்! பேட்டரி மேல் பழி போடுவதற்கு ஒன்றுமே இல்லை. அப்படியானால் மெக்கானிக் சொன்னது சரி, 7,500 ரூபாய் டைனமோ. அன்று இரவு இந்த முடிவோடுதான் தூங்கினேன்.

தப்பு பேட்டரியிடம் இல்லை, நான் கேட்ட நேரத்தில் இருந்தது. ஓடி வந்து நின்றவுடன் தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் சார்ஜ் மிதக்கும். காப்பியில் நுரை மாதிரி. டம்ளர் நிரம்பினாற்போல் தெரியும், ஊதிவிட்டுப் பார்த்தால்தான் காப்பி எவ்வளவு என்பது தெரியும். நுரை அடங்கச் சில மணி நேரம் வண்டியைச் சும்மா விடவேண்டும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு மூன்று நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கதவைக்கூடத் திறக்காமல் (முந்தின இரவே பானெட் கொக்கியை விடுவித்து வைத்திருந்தேன்) அளந்தபோது 12.19. ஓய்வு நிலையில் 12.6க்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்தான் மிச்சம். ஆக, காலையில் பாதிதான் மிச்சம் இருந்தது.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். மீட்டர் முனைகளை டெர்மினல்களில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், மகள் உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்துச் சாவியைத் திருப்பினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம். "நியூட்ரல்ல இருக்கா பாத்தியா" என்று நான் நாலு தடவை கேட்டதில் அவளுக்குக் கோபம். செல்ஃப் சுற்றும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் மீட்டர் 8.3 வரை இறங்கி ஏறியது. அந்த நேரத்தில் 9.6க்குக் கீழே போனால் பேட்டரி திணறுகிறது என்று அர்த்தம். நல்ல பேட்டரி பத்துக்கு மேலேயே நிற்கும். பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரியை வைத்து இறுதித் தீர்ப்பு சொல்லக்கூடாது என்பதால் 8.3ஐக் குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டெர்மினலில் 14.2. ஏ.சி., ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதிக்கச் சொன்னேன். 13.8. டைனமோ முழு ஆரோக்கியம். 13.8க்கும் 14.7க்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை. பதின்மூன்றைக்கூட எட்டவில்லை என்றால் டைனமோவைச் சந்தேகிக்கலாம். 15ஐத் தாண்டினாலும் ஆபத்துதான், பேட்டரி வெந்துவிடும். சாவியைத் திருப்பவும் பட்டனை அழுத்தவும் தெரிந்த இரண்டு பேர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய இந்தச் சோதனைக்குத்தான் 7,500 ரூபாய் காத்திருந்தது. மெக்கானிக் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. பச்சையை நம்பினார், அவ்வளவுதான்.

பிறகு டெர்மினல்கள். மைனஸ் பக்கம் கிளாம்பைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. பேட்டரியின் ஈயத் தூணில் மீட்டரின் ஒரு முனை, அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மறுமுனை வைத்து செல்ஃப் அடித்துப் பார்த்தால் 0.45 வோல்ட். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகங்கள், நடுவில் ஏறக்குறைய சுழிதான் காட்டவேண்டும். 0.2 என்பதே அதிகம். அந்தப் பொடி செல்ஃபுக்குப் போகவேண்டிய வோல்ட்டில் கமிஷன் அடித்துக்கொண்டிருந்தது. கிளாம்பைக் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினேன். நுரைத்துப் பொங்கி அடங்கியதும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, உப்புத்தாளால் ஒரு சுற்று. மறுபடி மாட்டியதும் அந்த 0.45 வெறும் 0.05 ஆனது. செல்ஃப் அடிக்கும்போது 8.3 என்றிருந்தது 8.7 ஆனது. முன்னேற்றம்தான், ஆனால் போதாது. ஊரில் பாதிப் பேட்டரி கேஸ்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்பார்கள். என்னுடையது முடியவில்லை.

முந்தின மாலை ஓடி வந்த வண்டியில் காலையில் பாதிதான் மிச்சம் என்றால் எப்படி? இரண்டே வழி. பேட்டரிக்குச் சார்ஜைப் பிடித்துவைக்கும் சக்தி இல்லை, அல்லது யாரோ திருடுகிறார்கள். திருடனைப் பிடிப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி.

மைனஸ் கேபிளைக் கழற்றி, பேட்டரியின் மைனஸ் தூணுக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைக்கவேண்டும். சிவப்பு வயரை மீட்டரின் 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றவேண்டும். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் காலி, அதனால் சாவி என் சட்டைப் பையில். பானெட்டைத் திறந்து வைத்து, கதவுகளைப் பூட்டி, வண்டியின் கம்ப்யூட்டர் தூங்கப் போகும்வரை அரை மணி காத்திருந்தேன். முதலில் ஒரு ஆம்பியருக்கு மேல் காட்டியது, சில நிமிடங்களில் படிப்படியாக இறங்கி 0.34ல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

கடிகாரம், ரேடியோ நினைவகம், லாக் எல்லாம் சேர்ந்து 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். 0.34 என்பது ஏழு மடங்கு. ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்று பெருக்கினால் 8 ஆம்பியர்-மணிக்கு மேல். என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35.

இந்த இடத்தில் வேறொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். "அடிக்கடி ஸ்டார்ட் பண்ணினா பேட்டரி போயிடும்" என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. சின்ன பெட்ரோல் வண்டியின் செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது, இரண்டு விநாடி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸ்டார்ட்டுக்கு ஆகும் செலவு 0.08 ஆம்பியர்-மணிதான். சத்தமில்லாமல் ஒரு நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது நூறு ஸ்டார்ட்டுக்குச் சமம்.

ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்க ஆரம்பித்தேன். பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியில் எதை எடுத்தாலும் 0.34 அசையவில்லை. அடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டி. கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுத்துவிடும், அதனால் கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஏழாவதோ எட்டாவதோ, உள்விளக்குக்கான ஃபியூஸ். எடுத்ததும் எண் சரிந்து 0.03.

உள்விளக்கு எரியவில்லை. பிறகு எது? அந்த ஃபியூஸின் காலில் யாரோ ஒரு சிவப்பு வயரைச் சுற்றிச் செருகியிருந்தார்கள். டேப்கூட ஒட்டவில்லை. வயர் முன்கண்ணாடி ஓரத்துத் தூணையொட்டி மேலே ஏறி, கூரைத் துணிக்குள் நுழைந்து, சாலையைப் படமெடுக்கும் டாஷ்கேமில் போய் முடிந்தது.

அதற்கு முந்தின தீபாவளிக்கு ஓர் ஆக்சஸரீஸ் கடையில் மாட்டியது. 2024 அக்டோபர் கடைசி. சாவியை எடுத்தால் மின்சாரம் நின்றுபோகும் இடத்தில் இணைக்கவேண்டியதை, எப்போதும் உயிரோடிருக்கும் ஃபியூஸில் சொருகிவிட்டார்கள். அதுதான் கைக்கு எட்டிய ஃபியூஸ். ராத்திரியில் அதன் நீல விளக்கு எரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே ஏதோ சின்ன பேட்டரி இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதமாக ஒரு திருடன் விளக்கைப் போட்டுக்கொண்டே திருடியிருக்கிறான், நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல். அதற்கு முந்தைய நாளே எல்லாரையும் போல நானும் வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். மூன்றாம் நாள் எடுக்கப் போனபோது செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுத்தது. மழை ஈரம் என்று நினைத்தேன். அது முதல் தந்தி. ஆபீசுக்குத் தினமும் ஓட்டிய நாட்களில் டைனமோ கடனை அடைத்துக்கொண்டே வந்ததால் வெளியே தெரியவில்லை. ஓட்டாத நாள் வந்தால் மட்டும் முனகல். திங்கட்கிழமைகளில்தான் அதிகம் மக்கர் செய்தது என்பது இப்போது யோசித்தால் புரிகிறது.

சரி, அந்த மல்ட்டிமீட்டர் கதை. திருடனைப் பிடித்த குஷியில் கேபிளைத் திரும்ப மாட்டி, "இப்ப வோல்ட் எவ்வளவு பார்ப்போம்" என்று திருகியை வோல்ட்டுக்குத் திருப்பி, முனைகளை இரண்டு டெர்மினல்களிலும் வைத்தேன். சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையிலிருந்து மாற்ற மறந்துவிட்டேன். அந்த ஓட்டை வழியே போனால் மீட்டர் வெறும் கம்பி. அதாவது பேட்டரியின் பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் நேரடியாக இணைத்துவிட்டேன். பளிச்சென்று ஒரு பொறி, கறுப்பு வயரிலிருந்து புகை, பிளாஸ்டிக் தீயும் வாசனை. கையை உதறியதில் முனைகள் பறந்துவிட்டன, அதனால் விரல் பிழைத்தது. 250 ரூபாய் மீட்டரின் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஃபியூஸ் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியே இருக்கிறது. 900 ரூபாய் மீட்டரில் உள்ளே ஃபியூஸ் உண்டு, அது போயிருக்கும், என் இதயத் துடிப்பு போயிருக்காது. திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து மறுபடி ரிச்சி தெரு. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார்.

வாயு விஷயத்தையும் சொல்லவேண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்க வாய்ப்பு உண்டு, தெறிப்பது கந்தக அமிலம். நான் செய்த காரியத்தின் முழு விபரீதம் அன்று இரவுதான் புரிந்தது. அதற்குப் பிறகு கண்ணாடி போடாமல் பானெட்டுக்குள் குனிவதில்லை, மோதிரத்தையும் கழற்றிவிடுகிறேன்.

திருடன் பிடிபட்டதால் பேட்டரி நிரபராதி ஆகிவிடுமா? அதைத்தான் அடுத்துப் பார்த்தேன். நண்பரிடம் 4 ஆம்பியர் சார்ஜர் வாங்கி, செவ்வாய் பகல் முழுக்க வீட்டிலிருந்தபடியே சார்ஜ் ஏற்றினேன். பிறகு சார்ஜரை எடுத்துவிட்டு, மைனஸ் கேபிளைக் கழற்றியே வைத்துவிட்டேன். இப்போது பேட்டரி தனியாள், யாரும் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. இரவு பத்து மணிக்கு 12.66. காலை ஆறு மணிக்கு 12.31. நல்ல பேட்டரி மாதக் கணக்கில் இறங்கவேண்டிய தூரத்தை ஒரே ராத்திரியில் இறங்கியிருந்தது. திருட்டை நிறுத்தினாலும் பெட்டியில் ஓட்டை.

ஏன் இப்படி ஆனது என்றால், பேட்டரி காலியாகும்போது தகடுகள் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். பாதிக் காலியாகவே நாட்கணக்கில் விட்டால் பாத்திரத்தில் காய்ந்த சோறு மாதிரி இறுகிவிடும், பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் முழுசாகப் போகாது. ஆறு மாதமாக ஒவ்வொரு இரவும் இதுதான் நடந்திருக்கிறது. மேற்கொண்டு நம்மூர் வெயில். சூடு பத்து டிகிரி ஏறினால் உள்ளே நடக்கும் அரிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில்தான் பேட்டரி காலை வாரும். நம்மிடம் அந்த வேலையைக் கத்திரி செய்துவிடுகிறது, மிச்சத்தை ஐப்பசி கார்த்திகை மழையில் வைப்பர், ஹெட்லைட், ஏ.சி. மூன்றையும் போட்டுக்கொண்டு கத்திப்பாராவில் ஊர்வது முடித்துவைக்கிறது. சென்னையில் மூன்று நாலு வருடம் உழைத்த பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. என்னுடையதற்கு மூன்றரை.

விலை விசாரிக்க ஜி.பி. ரோடு வரை போனேன். முதல் கடையில், "அதே காசுல கொஞ்சம் சேத்துப் போட்டா 45 ஆம்பியர் தரேன் சார், பெருசு" என்றார். வேண்டாம் என்றேன். பழைய பேட்டரி மேல் 38B20L என்று எழுதியிருந்தது. 38 அதன் திறனுக்கான எண். B அகலமும் உயரமும். 20 என்றால் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். கடைசி எழுத்து டெர்மினல்கள் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும். L இருக்கவேண்டிய இடத்தில் R வாங்கிவிட்டால் பெட்டி கச்சிதமாக உட்காரும், கேபிள் எட்டாது. இழுத்துக்கட்டி எட்டவைத்தால் அதைவிட ஆபத்து. பெரியது வாங்கினால் தட்டில் உட்காராது, பிடிப்புக் கம்பி மாட்டாது, பள்ளத்தில் குதிக்கும். சென்னை சாலையில் குதிக்கும் பேட்டரியின் தகடுகள் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

கடைசியில் எங்கள் பகுதியிலேயே ஒரு பேட்டரிக் கடையில் வாங்கினேன். வாரண்டிக்கு ஜி.பி. ரோடு வரை தூக்கிக்கொண்டு போகவேண்டாம் பாருங்கள், சின்னதென்றாலும் பத்துக் கிலோ. கடைக்காரர் பெரியவர். என் பழைய பேட்டரியில், அதற்குச் சுமை கொடுத்துச் சோதிக்கும் லோடு டெஸ்டரின் இரண்டு கவ்விகளைப் போட்டு பட்டனை அழுத்தினார். முள் சிவப்புக் கட்டத்துக்குச் சரிந்தது. "இது முடிஞ்சுது தம்பி. நீங்க என்னென்ன பாத்தீங்க?" என்றார். சொன்னேன். டாஷ்கேம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். "போன மாசம் மட்டும் இந்த மாதிரி நாலு கேசு. புதுசு மாட்டிட்டுப் போவாங்க, ஆறு மாசத்துல வாரண்டின்னு வந்து சண்டை போடுவாங்க."

தயாரிப்புத் தேதியைக் கேட்டுப் பார்த்து வாங்கினேன். பேட்டரி அலமாரியில் உட்கார்ந்திருந்தாலும் வயசாகும். எனக்குக் கொடுத்தது இரண்டு மாதத்துக்கு முன் செய்தது, கடையிலேயே 12.6 காட்டியது. 24+24 மாத வாரண்டி. முதல் 24 மாதத்தில் போனால் மாற்றித் தருவார்கள், அடுத்த 24ல் புதுசு வாங்கும்போது விலையில் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி அச்சிட்ட விலை மேல்தான், கடையில் கிடைக்கும் விலை மேல் இல்லை. அதனால் இரண்டாவது 24ஐப் பெரிதாக நம்பவேண்டாம். பழையதற்கான விலை போக 4,200 ரூபாய்.

பழையதை இரும்புக் கடையில் போட்டால் நூறு இருநூறு கூடக் கிடைக்கலாம் என்று வாட்ச்மேன் தாத்தா சொன்னார். நான் கடையிலேயே கொடுத்தேன். தயாரிப்பாளர்கள் பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பவேண்டும் என்று 2022ல் வந்த விதிகள் சொல்கின்றன. இரும்புக் கடைப் பக்கம் போனால் ஆசிட் சாக்கடைக்கு, ஈயம் எங்கோ ஒரு கொல்லைப்புற அடுப்புக்கு. அந்தப் புகையைச் சுவாசிக்கும் குழந்தைகள் யாரோ.

கடைக்காரரே ஆளை அனுப்பி இலவசமாக மாட்டித் தருவதாகச் சொன்னார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதை மட்டும் விடுவதா? வியாழன் காலை ஆறரை, வெயில் ஏறுமுன். 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும் என் வண்டிக்கு.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இதை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலர், காரணம் கேட்டால் விழிப்பார்கள். வண்டியின் உடம்பு முழுக்க மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்ற ஸ்பேனரைத் திருப்பினால், அதன் வால் பக்கத்திலிருக்கும் இரும்பு எதையாவது தொட்டதும் நான் மல்ட்டிமீட்டரில் செய்த அதே காரியம், பத்து மடங்காக. மைனஸைக் கழற்றிவிட்டால் ஸ்பேனர் எதைத் தொட்டாலும் சுற்று முழுமையாகாது. கழற்றிய கேபிள் தானாக வந்து தூணில் ஒட்டாமலிருக்க ஒரு துணியைச் சுற்றி ஓரமாக ஒதுக்கினேன்.

பிடிப்புக் கம்பியின் நட்டு துருப்பிடித்திருந்தது. துரு விடும் எண்ணெய் அடித்துப் பத்து நிமிடம் விட்டபின் அசைந்தது. கழன்றது, கழன்ற வேகத்தில் கையிலிருந்து நழுவி எஞ்சினுக்குக் கீழே எங்கோ விழுந்து மறைந்தது. 'டிங்' என்று ஒரு சத்தம் மட்டும். தரையில் இல்லை, அடித்தகட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மகள் மீன் பிடிப்பதுபோல் இறக்கினாள். மூன்றாவது தூண்டிலில் கிடைத்தது. பேட்டரி மாற்ற ஆன நேரம் பதினைந்து நிமிடம், நட்டு தேட ஆன நேரம் இருபத்தைந்து.

தட்டில் ஆசிட் கறை இருந்தது. ஆப்பசோடா தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிட்டு, புதியதை இறக்கி, பிடிப்புக் கம்பியை முடுக்கி, பிளஸ், பிறகு மைனஸ். கிளாம்பை ஸ்பேனரால் முடுக்கியபின் கையால் திருகினால் அசையக்கூடாது. அதற்காக முரட்டுத்தனமாக முடுக்கவும் கூடாது, தூண் ஈயம், வளைந்துவிடும். எல்லாம் முடிந்தபின் மேலே கொஞ்சம் வாசலின்.

எண்கள்: ஓய்வில் 12.68. செல்ஃப் அடிக்கும்போது 10.7. ஓடும்போது 14.3. கடிகாரம் பன்னிரண்டுக்குப் போய்விட்டது, ரேடியோ எல்லா ஸ்டேஷனையும் மறந்துவிட்டது. முதல் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் எஞ்சின் கொஞ்சம் தடுமாறியது. கம்ப்யூட்டரும் பழைய நினைவை இழந்து புதிதாகக் கற்றுக்கொள்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

டாஷ்கேமை மட்டும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். சாவியோடு சேர்ந்து அணையும் ஃபியூஸில், தனியாக ஒரு சின்ன ஃபியூஸ் வைத்து, ஒழுங்காக டேப் சுற்றிக் கொடுத்தார், 300 ரூபாய். வீட்டுக்கு வந்து அரை மணி காத்திருந்து மறுபடி அளந்தேன். 0.03. இந்த வேகத்தில் மூன்று வாரம் ஓட்டாமல் விட்டாலும் பேட்டரி பாதிக்குக் கீழே போகாது. தேதியையும் எண்களையும் காகித டேப்பில் எழுதி பானெட்டின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அளந்து முடித்ததும் சிவப்பு வயரைப் பழைய ஓட்டைக்கு மாற்றிவிட்டேனா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டு சார் வந்து கதவைத் தட்டினார். "வாட்ச்மேன் சொன்னாரு, உங்ககிட்ட ஏதோ மீட்டர் இருக்காமே. என் வண்டியும் திங்கக்கிழமை ஆனா தகராறு பண்ணுது." கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அதே நீல விளக்கு. எந்தக் கடையில் மாட்டினீர்கள் என்று கேட்டேன். எனக்கு அந்தக் கடையைக் காட்டிக் கொடுத்ததே அவர்தான் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. மீட்டரை வைத்து அரை மணி காத்திருந்தோம், அவர் வீட்டிலிருந்து காப்பி வந்தது. 0.36.